காலில் காயம், தொடை இடுக்கில் நெறி: வெள்ளை அணுக்கள் பாக்டீரியாவைச் சேர்ந்து எதிர்கொள்வது எப்படி

தைப்பூசத்தன்று பினாங்கில் தண்ணீர்மலைக்கும் கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்கும் வெறுங்காலோடு நடப்பவர்கள் ஏராளம். சுடும் தார்ச்சாலை, உடைத்துப் போட்ட தேங்காய் ஓடு, எங்கோ கிடக்கும் கண்ணாடிச் சில்லு என்று பாதத்தைக் கிழிக்கப் பல பொருள்கள் வழியில் உண்டு. கீறல் விழுந்த இடம் மறுநாள் சிவக்கும், தொட்டால் சுடும், கொஞ்சம் சீழ் வைக்கும். இரண்டு மூன்று நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டும். பிறகு ஒரு வாரம் பத்து நாளில் எல்லாம் வடிந்துவிடும். நெறி கட்டினால் ‘விஷம் மேலே ஏறிவிட்டது’ என்று வீட்டில் பயப்படுவார்கள். பெரும்பாலும் அது விஷம் ஏறியதன் அடையாளம் அல்ல. காயத்திலிருந்து கிளம்பிய தகவல் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்பதன் அடையாளம். காயத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால் மட்டும் கதை வேறு; அன்றே கிளினிக்குக்குப் போகவேண்டும்.

சிவப்பு, சூடு, சீழ், நெறி, காய்ச்சல் ஆகிய ஒவ்வொன்றும் ஒருவகை வெள்ளை அணு இன்னொரு வகைக்கு வேலையை ஒப்படைக்கும்போது வெளியே தெரியும் விளைவு. நோயெதிர்ப்பு என்றதும் ஏதோ ஒரு செல் பாக்டீரியாவைக் கண்டுபிடித்து ஒழித்துவிடுவதாக நினைக்கிறோம். உண்மையில் எந்தச் செல்லும் தனியாக முடிவெடுப்பதில்லை. இன்னொன்று உறுதி சொன்னால்தான் முழு வேகத்தில் இறங்கும். அதனால்தான் தொற்று மோசமாகும்போது பாக்டீரியாவின் பலத்தைப் போலவே, இந்த ஒப்படைப்பு எந்த இடத்தில் அறுந்தது என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது. மலேசியாவில் அதை அறுக்கும் காரணங்களில் முன்னால் நிற்பது இனிப்புநீர். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம். எனவே இது நம் குடும்பங்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் அறிவு.

முதல் சில மணி நேரம்

பாதக் கீறலில் நுழைவது பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அல்லது அதைப்போலத் தோலில் வாழும் வேறொன்று. ஒரு மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை அது. ஆய்வகத்தில் சத்துள்ள கரைசலில் விட்டால் ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு பாக்டீரியா எட்டு மணி நேரத்தில் 24 முறை இரட்டித்து 1.6 கோடியைத் தாண்டும். உடம்புக்குள் இரும்புச் சத்து அதற்கு எளிதில் கிடைக்காது, சுற்றிலும் எதிர்ப்பு இருக்கும். ஆகவே வேகம் குறையும். இருந்தாலும் உடம்புக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம், நாள்கணக்கில் அல்ல என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

தோலுக்கு அடியில் மேக்ரோஃபேஜ் (விழுங்கும் செல்), மாஸ்ட் செல் (ஹிஸ்டமின் சேர்த்து வைத்திருப்பது), டென்ட்ரிட்டிக் செல் (பாக்டீரியாத் துண்டை எடுத்துச் சென்று காட்டுவது) ஆகிய வெள்ளை அணுக்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. இவற்றுக்கு ‘ஸ்டஃபைலோகாக்கஸ்’ என்று ஒரு குறிப்பிட்ட கிருமியைத் தெரியாது. எவை இல்லாமல் பாக்டீரியா வாழவே முடியாதோ, அதன் அந்தச் சில உறுப்புகளைத்தான் தெரியும். டோல் வகை ஏற்பிகள் என்ற புரதங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. இரண்டாம் எண் ஏற்பி பாக்டீரியாவின் லிப்போபுரதத்தைப் பிடிக்கும். நான்காம் எண், ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளியுறையில் உள்ள எல்பிஎஸ் என்ற கொழுப்புச்சர்க்கரையைப் பிடிக்கும். ஐந்தாம் எண், நீந்தும் பாக்டீரியாவின் வால் புரதத்தைப் பிடிக்கும். பாக்டீரியா வேறு எதை மாற்றினாலும் இவற்றை எளிதில் மாற்ற முடியாது. மாற்றினால் அதன் வாழ்வே கெடும். இந்த வகை ஏற்பிகளின் பங்கைக் கண்டறிந்ததற்காக ஜூல்ஸ் ஹாஃப்மன், புரூஸ் பியூட்லர் இருவரும் 2011 நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அந்தப் பரிசின் இன்னொரு பாதி டென்ட்ரிட்டிக் செல்லைக் கண்டுபிடித்த ரால்ஃப் ஸ்டைன்மனுக்குப் போனது.

ஏற்பி ஒட்டிக்கொண்டதும் மேக்ரோஃபேஜ் இரண்டு வேலை செய்கிறது. எட்டியதை விழுங்குகிறது, கூடவே டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-8 என்ற சைட்டோகைன்களை, அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் புரதங்களை, வெளியேற்றுகிறது. இரண்டாவது வேலைதான் முக்கியமானது. குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் மிகச் சில. அவை விழுங்கி முடிக்கமுடியாது, ஆள் அழைக்கத்தான் முடியும். மாஸ்ட் செல் முன்னமே சேர்த்து வைத்திருக்கும் ஹிஸ்டமினை நொடிகளில் கொட்டும். அருகிலுள்ள நுண்குழாய்கள் விரியும், அவற்றின் சுவர் கசியும். காயத்தைச் சுற்றிய சிவப்பும் சூடும் வீக்கமும் இங்கிருந்துதான் வருகின்றன.

கசிவு ஒரு கேடு அல்ல. அதன் வழியாகத்தான் ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் காயத்துக்குள் வருகின்றன. முக்கியமாகக் கல்லீரல் செய்யும் இப்புரதங்கள் முப்பதுக்கு மேல். அவற்றில் மூன்றாம் எண் புரதம் உடைந்து, ஒரு துண்டு பாக்டீரியாவின் மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் பாக்டீரியாவின் உடல் முழுதும் அத்துண்டுகள் படிந்துவிடும். விழுங்கும் செல்களுக்கு வழுக்கிக்கொண்டிருந்த பாக்டீரியா இப்போது பிடிகிடைக்கும் பொருளாகிறது. ஐந்தாம் எண் புரதத்திலிருந்து பிரியும் இன்னொரு சிறு துண்டு மிதந்துபோய், ரத்தத்தில் சுற்றும் விழுங்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில்களைக் கவர்ந்திழுக்கும். கடைசிப் புரதங்கள் ஐந்தும் சேர்ந்து பாக்டீரியாவின் சவ்வில் துளை போடக்கூடும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸின் சுவர் தடிமனானது. அதில் இந்தத் துளை வேலை நடக்காது. அதைக் கொல்ல விழுங்கியே ஆகவேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். 1882இல் மெசினாவில் நட்சத்திர மீனின் இளவுயிரிகளில் விழுங்கும் செல்களைப் பார்த்த மெச்னிகோஃப், செல்கள்தான் காக்கின்றன என்றார். எதிர்க்கட்சி, ரத்தநீரில் கரைந்துள்ள பொருள்கள்தான் என்றது. 1908 நோபல் பரிசு மெச்னிகோஃபுக்கும் எதிர்க்கட்சியின் பால் எர்லிச்சுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1903இல், ஆல்ம்ரோத் ரைட் லண்டனில் காட்டியது இதுதான்: ரத்தநீரில் நனைத்த பாக்டீரியாவைச் செல்கள் வேகமாக விழுங்கும், நனைக்காததை விட்டுவிடும். இரண்டும் சேர்ந்தே வேலை என்பது அன்றே நிலைபெற்றது.

ரத்தக்குழாயிலிருந்து காயம் வரை

எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைச் செய்கிறது. ரத்தத்தில் அவை பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துபோகும். இவ்வளவு செலவு செய்து உடம்பு ஏன் இவற்றைச் சுற்றவிடுகிறது என்றால், எந்தக் காயத்துக்கும் சில மணி நேரத்தில் பெருங்கூட்டமாக வந்து சேர வேறு வகைச் செல்லால் முடியாது.

வந்து சேர்வது எளிதன்று. நியூட்ரோஃபில் ரத்த ஓட்டத்தின் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. காயத்துக்கு அருகில் மட்டும் இறங்கவேண்டும். மேக்ரோஃபேஜ் விட்ட டிஎன்எஃபும் இன்டர்லூக்கின்-1உம் குழாயின் உட்சுவர்ச் செல்களை எட்டியதும், அவை செலக்டின் என்ற புரதத்தை வெளியே நீட்டும். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுபவர் கரையோரக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பற்றி வேகம் தணிவதுபோல, நியூட்ரோஃபில் செலக்டின்களைப் பற்றி விட்டு, பற்றி விட்டு, சுவரோடு உருளும். உருளும்போது சுவரில் ஒட்டியிருக்கும் இன்டர்லூக்கின்-8 அதைத் தொடும். அந்த நொடியில் நியூட்ரோஃபிலின் மேலுள்ள இன்டெக்ரின் புரதங்கள் மடங்கிய நிலையிலிருந்து நிமிர்ந்து சுவரை இறுகப் பற்றும். உருளல் நின்றுவிடும். பிறகு சுவர்ச் செல்களுக்கு இடையே நெளிந்து வெளியேறும். ஆக, காவலிருக்கும் செல், குழாய்ச்சுவர், வந்துசேரும் செல் மூன்றும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு நியூட்ரோஃபில் காயத்துக்குள் காலெடுத்து வைக்கும்.

இதில் ஒரே ஒரு கண்ணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிறவிக் குறைபாடு ஒன்று சாட்சி. சில குழந்தைகளுக்கு இன்டெக்ரினின் ஒரு பகுதி உருவாவதில்லை. அவர்களுடைய ரத்தத்தில் வெள்ளை அணு எண்ணிக்கை வழக்கத்தைவிட மிக அதிகம். ஆனால் தொற்று கண்ட இடத்தில் சீழே வராது. தொப்புள்கொடி மூன்று வாரம் தாண்டியும் விழாமல் இருப்பது முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். அணுக்கள் நிறைய இருந்தும் இறங்கமுடியாததால் பயனில்லை. ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆறுதல் கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

காயத்தை முதலில் அடைந்த நியூட்ரோஃபில்கள் லியூக்கோட்ரையீன் பி4 என்ற கொழுப்புப் பொருளை விடும். அது எட்டத்தில் இருப்பவற்றைக் கூட்டமாக இழுக்கும். விழுங்கப்பட்ட பாக்டீரியா ஒரு சிறு பைக்குள் அடைபடும். பையின் சவ்வில் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதி ஒன்றுகூடி, ஆக்சிஜனைச் சூப்பராக்சைடாக்கும். மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி, அதிலிருந்து உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்யும். துணி வெளுக்கும் குளோராக்ஸ் திரவத்தில் செயல்படும் பொருளும் இதே வகைதான். மைலோபெராக்சிடேஸின் நிறம் பச்சை. சீழ் பச்சை கலந்த மஞ்சளாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பச்சைச் சீழ் என்றதும் பெரிய கிருமி என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. இந்த ஆக்சிடேஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் நியூட்ரோஃபில்கள் விழுங்கும், கொல்லாது. ஸ்டஃபைலோகாக்கஸ் அவற்றுக்குள்ளேயே உயிரோடு தங்கிக் கட்டிமேல் கட்டியாக வரும்.

தப்பிக்கும் வழிகள் பாக்டீரியாவிடமும் உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் சுவரிலுள்ள புரதம்-ஏ, பாக்டீரியாவில் ஒட்டி அதை அடையாளம் காட்டும் ஆன்டிபாடி என்ற புரதத்தின் வாலைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பிவிடும். வாலைத் தேடும் விழுங்கும் செல்லுக்குப் பிடி கிடைக்காது. கேட்டலேஸ் நொதி பெராக்சைடை உடைக்கும். லூக்கோசிடின் நச்சு நியூட்ரோஃபிலையே துளைத்துக் கொல்லும். இதற்கு எதிராக நியூட்ரோஃபில் சில வேளைகளில் தன் டிஎன்ஏவையே வலைபோல வெளியே வீசும். 2004இல்தான் இந்த வலை முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அது பாக்டீரியாவை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கிறது. ஆனால் வலை அளவுக்கு மீறினால் ரத்தக்குழாய்க்குள் உறைவு உண்டாகும். அதனால் அது எப்போதும் நல்லது என்று எண்ணக்கூடாது.

இனிப்புநீர் இந்தக் கட்டத்தைத்தான் பல முனைகளில் கெடுக்கிறது. ரத்தச் சர்க்கரை நீண்டநாள் ஏறியிருந்தால் நியூட்ரோஃபில் சைகையை நோக்கி நகர்வது மந்தமாகும், விழுங்குவது குறையும், ஆக்சிஜனைக் கொண்டு கொல்லும் வேலை பலவீனமாகும். ஆக்சிடேஸுக்கு வேண்டிய என்ஏடிபிஎச் என்ற எரிபொருளை, மிதமிஞ்சிய குளுக்கோஸைச் சார்பிட்டோலாக மாற்றும் வேறொரு வழி செலவழித்துவிடுவதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. நுண்குழாய் அடைப்பால் பாதத்துக்கு ரத்தமே குறைவாக வரும். நரம்பு மரத்துப்போனால் கண்ணாடிச் சில்லு குத்தியதே தெரியாது. ஆகவே நீரிழிவுள்ளவரின் பாதத்தில் சிவப்பும் வலியும் சீழும் குறைவாக இருப்பது நல்ல செய்தி அல்ல. அழைப்பு போகவில்லை, அல்லது அழைத்தும் ஆள் வரவில்லை என்று பொருள். துர்நாற்றம், காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை, ஒரு விரல் மட்டும் நிறம் மாறுவது ஆகியவற்றைத்தான் பார்க்கவேண்டும். காலணியைக் கழற்றியதும் அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்தாவது பார்ப்பது தினசரி வழக்கமாக இருக்கட்டும்.

புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை பெறுபவருக்கும் இதே நிலைதான், இன்னும் கடுமையாக. நியூட்ரோஃபில் எண்ணிக்கை லிட்டருக்கு 0.5 பில்லியனுக்குக் கீழே போனால் சீழ் உருவாகவே ஆள் இல்லை. காய்ச்சல் மட்டுமே ஒரே அடையாளமாக நிற்கும். 38 பாகையைத் தொட்டால் பனடோல் போட்டுக் காலைவரை பார்க்கலாம் என்று இருந்துவிடாமல் அன்றிரவே மருத்துவமனைக்குக் கிளம்பவேண்டும்.

நெறிக்குள் நடப்பது

இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போது டென்ட்ரிட்டிக் செல் சண்டையில் நிற்பதில்லை. பாக்டீரியாவின் துண்டுகளை உள்வாங்கிக்கொண்டு, நிணநீர்க் குழாய்க்குள் நுழைந்து, ஏறத்தாழ ஒரு நாளில் தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுவை அடையும். போகும் வழியிலேயே அது மாறிவிடுகிறது. விழுங்குவதை நிறுத்தி, உள்வாங்கியதைக் காட்டத் தயாராகிறது.

ஒரு குறிப்பிட்ட துண்டை அடையாளம் காணக்கூடிய டி செல் என்ற வெள்ளை அணு, லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் உடம்பில் இருக்கும். அது எந்தக் கணுவில் எப்போது இருக்கும் என்று சொல்லமுடியாது. சாதாரணமாக ஒரு டி செல் ஒரு கணுவில் ஒரு நாளுக்கும் குறைவாகத்தான் தங்கி அடுத்ததற்குப் போய்விடும். தொற்று வந்ததும் கணுவுக்குள் வரும் வழி அகலமாகிறது. செல்கள் வெளியேறும் வழியை உணரமுடியாதபடி அது தற்காலிகமாக அடைக்கப்படுகிறது. வருவது கூடி, போவது நின்றால் கணு வீங்காமல் என்ன செய்யும்? நெறி கட்டுவது இதுதான். தேடும் செல்லும் தேடப்படும் செல்லும் சந்திக்கும் வாய்ப்பைப் பெருக்குவதற்கு உடம்பு செய்யும் ஏற்பாடு. இதைத் தேய்த்து உருவிக் கரைக்கவேண்டிய அவசியம் இல்லை. அழுத்தித் தேய்த்தால் வலிதான் மிச்சம்.

சந்தித்தாலும் டி செல் உடனே கிளம்பாது. டென்ட்ரிட்டிக் செல் மூன்று தகவல் தரவேண்டும். பாக்டீரியாத் துண்டைத் தாங்கிக் காட்டுவது முதலாவது. பி7 என்ற புரதம் டி செல்லின் சிடி28 என்ற ஏற்பியைத் தொடுவது இரண்டாவது. சைட்டோகைன் மூன்றாவது. டோல் ஏற்பி பாக்டீரியாவைத் தொட்டால்தான் டென்ட்ரிட்டிக் செல் பி7ஐப் போதிய அளவில் வெளியே காட்டும். முதல் தகவல் மட்டும் வந்து இரண்டாவது வராவிட்டால் டி செல் செயலற்றுப்போகும். நம் உடம்பின் சொந்தப் புரதங்களும் இதேபோல் காட்டப்படுகின்றன; இந்த இரட்டைக் கட்டுப்பாடு இல்லையென்றால் காயம் படும்போதெல்லாம் டி செல்கள் நம்மையே தாக்கும். தடுப்பூசிகள் பலவற்றில் அலுமினிய உப்பு சேர்ப்பதும் இதனால்தான்: தூய புரதம் மட்டும் போட்டால் இரண்டாவது தகவல் கிளம்புவதில்லை.

மூன்றாவது தகவல், எந்த வகை உதவி வேண்டும் என்று சொல்கிறது. செல்லுக்குள் ஒளியும் பாக்டீரியா என்றால் இன்டர்லூக்கின்-12. அப்போது டி செல் காமா இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனைச் சுரக்கும் வகையாகி, மேக்ரோஃபேஜின் கொல்லும் திறனை உயர்த்தும். செல்லுக்கு வெளியே பெருகும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால் இன்டர்லூக்கின்-6, 23 போன்றவை. அப்போது இன்டர்லூக்கின்-17 சுரக்கும் வகை உருவாகி, மஜ்ஜையிடம் மேலும் நியூட்ரோஃபில் கேட்கும். மூன்றாவது வகை டி செல் கணுவுக்குள்ளேயே தங்கி, ஆன்டிபாடி செய்யும் வெள்ளை அணுக்களான பி செல்களுக்கு உதவும். டி செல்கள் பெருகிக் காயத்துக்குத் திரும்ப ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். இடைப்பட்ட நாள்களைத் தள்ளுவது நியூட்ரோஃபில்களின் பொறுப்பு.

பி செல், டி செல் கூட்டுக்கு நம் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையே சான்று. நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் வெளியுறை சர்க்கரையால் ஆனது. பி செல் சர்க்கரையைப் பிடிக்கும். டி செல்லோ புரதத் துண்டை மட்டுமே அறியும். டி செல் உதவியில்லாமல் சர்க்கரைக்கு எதிராக வரும் ஆன்டிபாடி பலவீனமானது, நினைவும் தங்காது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அதுவும் சரியாக வராது. ஆகவே சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துத் தடுப்பூசி செய்கிறார்கள். பி செல் சர்க்கரையைப் பிடித்து முழுவதையும் உள்ளே இழுத்து, புரதத் துண்டை டி செல்லுக்குக் காட்டுகிறது. புரதத்தை அறிந்த டி செல், சர்க்கரையை அறிந்த பி செல்லுக்கு உதவி செய்துவிடுகிறது. இவ்வகை நிமோகாக்கல் தடுப்பூசி 2020 டிசம்பரில் மலேசியாவின் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 4, 6, 15ஆம் மாதங்களில் போடுகிறார்கள். 15ஆம் மாத ஊசியைத் தவறவிடுபவர்கள் உண்டு. அந்தக் கடைசி ஊசிதான் நினைவுச் செல்களை மீண்டும் எழுப்பி ஆன்டிபாடி அளவை உயர்த்துவது, அதை விட்டுவிடக்கூடாது.

கோலாலம்பூரில் பெயர் பெற்ற நோய்

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900இல் தொடங்கியது. 1913இல் அங்கே ஆய்வக விலங்குகளிடையே ஒரு கொள்ளைநோய் பரவியது. காரணமான பாக்டீரியாவை அதற்குச் சற்று முன் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனைகளில் கண்டிருந்தார்கள். கோலாலம்பூரில் இதை ஆராய்ந்த ஸ்டாண்டன், ஃபிளெட்சர் இருவரும் 1921இல் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். பாக்டீரியாவின் இன்றைய பெயர் பர்க்கோல்டேரியா சூடோமேலியை. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது; மழைக்காலத்தில் சேற்றில் இறங்குபவரின் கால் காயம் வழியே நுழையக்கூடியது. நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள்.

மேலே சொன்ன கூட்டு வேலையை இந்தப் பாக்டீரியா எந்த இடத்தில் உடைக்கிறது என்பதைப் பார்த்தால் சிகிச்சை ஏன் அவ்வளவு நீளம் என்பது புரியும். மேக்ரோஃபேஜ் விழுங்கியதும் அது ஊசி போன்ற ஒரு சுரப்புக் கருவியால் பையைக் கிழித்து வெளியே, செல்லின் உட்கூழுக்கு வந்துவிடும். அமிலமும் நொதியும் பைக்குள்ளேயே நின்றுபோகும். பிறகு அது செல்லின் சொந்த ஆக்டின் புரதத்தைத் தன் பின்னால் வாலாகக் கட்டிக்கொண்டு நகரும். பக்கத்துச் செல்லோடு சவ்வை ஒட்டி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். வெளியே வராமலே செல்லிலிருந்து செல்லுக்குப் போவதால் ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்ட்டும் அதைத் தொடமுடியாது.

இந்நிலையில் மிஞ்சுவது ஒரே ஒரு வழி. தொற்றுக்குள்ளான மேக்ரோஃபேஜ் இன்டர்லூக்கின்-12, 18 இரண்டையும் விடும். அதைக் கேட்டு இயற்கைக் கொல்லிச் செல் என்ற இன்னொரு வெள்ளை அணு முதல் நாளிலேயே காமா இன்டர்ஃபெரான் சுரக்கும். அது திரும்பி மேக்ரோஃபேஜை உசுப்பும். ஒரு வாரத்தில் டி செல் வந்து அதே வேலையைப் பன்மடங்கு செய்யும். நீரிழிவில் இந்தச் சுற்று மந்தமாவதால்தான் இந்நோய் அவர்களைத் தேடிப் பிடிக்கிறது.

சிகிச்சை இரு கட்டம். முதலில் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் ஊசி, குறைந்தது 10 முதல் 14 நாள். பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். முதல் கட்டம் முடிந்ததும் காய்ச்சல் போய்ப் பசி திரும்பும். பலர் மாத்திரையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். செல்களுக்குள் ஒளிந்தவை அப்போதும் இருக்கும். மாதங்கள் கழித்துக் கல்லீரலிலோ மண்ணீரலிலோ கட்டியாகத் திரும்பி வரும். இன்னொரு சிக்கல், ஆய்வகத்தில் இதை வேறு பாக்டீரியாவாகவோ வெளிக்கலப்பாகவோ நினைத்து ஒதுக்கிவிடும் வாய்ப்பு. நீரிழிவு உள்ளவர், சேற்றில் அல்லது வெள்ள நீரில் இறங்கியவர் என்றால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். சீழ் மாதிரி அனுப்பும் படிவத்தில் அந்தக் குறிப்பு ஏறினால் ஆய்வகம் கவனமாகப் பார்க்கும்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கும்போது

வெள்ளை அணு லிட்டருக்கு 4 முதல் 11 பில்லியன் வரை இருப்பது வழக்கமான அளவு. அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள். பாக்டீரியத் தொற்றில் எண்ணிக்கை ஏறும். தேவை மிஞ்சினால் மஜ்ஜை முதிராத வளைந்த கருவுள்ள நியூட்ரோஃபில்களையும் வெளியே அனுப்பிவிடும். கடும் தொற்றில் எண்ணிக்கை நான்குக்குக் கீழே இறங்குவதும் உண்டு. அது தேறி வருவதன் அடையாளம் அல்ல, செலவு வரவை மிஞ்சிவிட்டது என்பதன் அடையாளம். சிஆர்பி என்ற புரதத்தைக் கல்லீரல், இன்டர்லூக்கின்-6 கேட்டுச் செய்கிறது. தொற்று தொடங்கிய முதல் ஆறு மணி நேரத்தில் சிஆர்பி இயல்பாகவே இருக்கக்கூடும். உச்சத்தைத் தொட இரண்டு நாள்வரை ஆகும். ஆகவே ஒரே ஒரு அளவை வைத்து முடிவெடுக்காமல், மறுநாள் எடுத்ததோடு ஒப்பிடுவதுதான் பயன்.

ஸ்டீராய்டு இந்தத் தாளையே பொய்யாக்கும். டெக்சாமெத்தசோன் எடுப்பவரின் நியூட்ரோஃபில்கள் குழாய்ச்சுவரைப் பற்றமுடியாமல் ரத்தத்திலேயே சுற்றும். தாளில் எண்ணிக்கை உயர்ந்திருக்கும், காயத்தில் ஆள் இருக்காது. காய்ச்சலும் சிவப்பும் அடங்கி நோய் குணமானதுபோல் தோன்றும். மூட்டுவலிக்கு என்று சந்தையில் விற்கும் சில பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்படிப்பட்ட பொடியோ மாத்திரையோ எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல், பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோகவேண்டும்.

கூட்டு வேலை ஓரிடத்தில் அடங்காமல் உடம்பு முழுதும் நடந்தால் அதுவே செப்சிஸ். காயத்தில் குழாயை விரித்து உதவிய டிஎன்எஃப், உடம்பெங்கும் விரித்தால் ரத்த அழுத்தம் சரியும். மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், பேச்சில் குழப்பம், மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தால் 999ஐ அழைக்கவேண்டிய நேரம். டிஎன்எஃபை முழுதாக அடைத்துவிட்டால் தீருமா என்று கேட்கலாம். மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃப் தடுப்பு ஊசி போடுபவர்களிடம் உறங்கிக்கிடந்த காசநோய் விழித்துக்கொள்வது அதற்குப் பதில். நுரையீரலில் காசக்கிருமியைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் கட்டிய வளையத்தை நிலைநிறுத்துவது டிஎன்எஃப்தான். அதனால் அந்த ஊசி தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம் செய்யவேண்டும்.

காயம் ஆறும் கட்டத்திலும் ஒரு ஒப்படைப்பு இருக்கிறது. வேலை முடித்த நியூட்ரோஃபில்கள் தாமாகவே சாகும். மேக்ரோஃபேஜ் அவற்றை விழுங்கும். விழுங்கிய அந்தச் செயலே அதன் போக்கை மாற்றி, அழைப்பதை நிறுத்தித் திசுவை வளர்க்கும் பொருள்களைச் சுரக்க வைக்கும். பெரிய கட்டியில் இது நடக்காது. செத்த செல்கள் குவிந்து, சுற்றிலும் சுவர் எழும்பி, நடுவில் ரத்த ஓட்டம் இல்லாத குளமாகிவிடும். மருந்து அங்கே போய்ச்சேராது. சேர்ந்தாலும் ஜென்டமைசின் போன்றவை அந்த அமிலச் சூழலில் வலுவிழக்கும். ஆகவே மாத்திரை மட்டும் போதும் என்று நாள் கடத்தாமல் கீறிச் சீழை வெளியேற்றுகிறார்கள். கீறிய வாயை உடனே தைக்காமல் திறந்தே விட்டு, உள்ளே மருந்துத்துணி வைத்துத் தினமும் மாற்றுவது, அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரவேண்டும் என்பதற்காக. மேல்தோல் முதலில் மூடிவிட்டால் அடியில் மறுபடி சீழ் கட்டும். கட்டு மாற்றும் நாள்களில் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருப்பது, மருந்துத்துணி எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம்.